நாற்காலி உறைகளில் நீலப் புள்ளிகள்

எங்கள் ட்ரோன் நிறுவனத்தில் பைலட்டாகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவற்றைப் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். எங்கே பறக்கலாம், எங்கே அனுமதி கேட்க வேண்டும், எங்கே நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் காட்டும் வரைபடத்தைத் திறப்பதற்கே நான் முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். எல்லா விதியும் சரியாக இருந்தும் பறக்கலாமா என்று யோசிக்க வேண்டிவந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் பிறருக்குச் சொல்லத் தகுந்தது எது என்று யாராவது கேட்டால், எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

என் ஆயுளில் பெரும்பகுதி பெங்களூரில் ஒரு விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தில் கழிந்தது. ஓய்வு பெற்றுப் பாலக்கோட்டுக்கு வந்து, காலையில் தினசரி, மாலையில் மார்க்கெட் வரை நடை என்று இருந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் ட்ரோன் என்றால் கல்யாணத்துக்கு வருகிற பொருள். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது தலைக்கு மேல் ரீங்காரம் போடும். பெண்ணின் மாமன்மார் அண்ணாந்து பார்த்துக் கையசைப்பார்கள். பிறகு சில வருடங்களில் எல்லாம் மாறியது. அரசு விதிகளை எளிமையாக்கியது. வண்டிக்கு இருப்பது போல ட்ரோனுக்கும் பதிவு எண் வந்தது. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த வரைபடம் வந்தது. மகளிர் குழுப் பெண்கள் பயிற்சிக்குப் போய் பைலட்டாகத் திரும்பி வந்தார்கள். வயலுக்கு மருந்து அடிக்க ட்ரோன் வருகிறது என்று டீக்கடையில் பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில்தான் கார்த்திகேயன் என்னைத் தேடி வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, மருந்து தெளிக்கும் ட்ரோன் நிறுவனம் ஒன்றைப் பாலக்கோட்டில் ஆரம்பித்திருந்தார்.

“சார், நீங்க சேஃப்டிய மட்டும் பாத்துக்கங்க. மத்த எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்,” என்றார்.

சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு ட்ரோனின் கால் ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு திருகாணியை மாற்றினாலும் இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து வந்தவன் நான். சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். இந்த வயதில் நானும் பயிற்சிக்குப் போய் பைலட் சான்றிதழ் வாங்கினேன். ட்ரோன் ஓட்டத் தெரியாதவன் ஓட்டுகிறவர்களுக்கு எப்படிப் புத்தி சொல்ல முடியும்?

எங்களுடைய முதல் பைலட் ஸ்டெல்லா. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்துப் பெண். மகளிர் குழு மூலமாகப் பயிற்சிக்குப் போனவர். பேச்சு குறைவு. ட்ரோனைக் கிளப்புவதற்கு முன் ஒவ்வொரு இறக்கையையும் சுண்டி, அதன் அதிர்வைக் காது கொடுத்துக் கேட்பார். இன்று உங்களில் பலருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். அந்தக் காலையில் அவருக்கு அது முதல் பெரிய பறப்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோட்டுக்கு மேற்கே, தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஒரு ஊர். அங்கே அந்தப் பருவத்தில் தக்காளியை ஊசிப்புழு பிடித்திருந்தது. இலைக்குள் புகுந்து தின்னும் புழு அது. செடியை வெளியிலிருந்து பார்த்தால் யாரோ தீ வைத்தது போல இருக்கும். அந்த ஊரின் விவசாயிகள் கூட்டமைப்பு எங்களைக் கூப்பிட்டது. முனிரத்தினம் என்பவரின் தோட்டத்தில் ஒரு செயல்விளக்கம் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் அந்தப் பருவம் முழுவதும் எல்லாருடைய தோட்டத்துக்கும் நாங்களே மருந்து அடிக்கலாம். கார்த்திகேயனுக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். அதற்கு முந்தைய மாதங்களில் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை கிடைத்திருக்கவில்லை.

சாமியானா போட்டிருந்தார்கள். வேளாண்மைத் துறையிலிருந்து அலுவலர் ஒரு அம்மா வந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் இருப்பது போல வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகள். ஊரே வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடம் பச்சை. ட்ரோனின் பதிவு, பைலட்டின் சான்றிதழ், மருந்துக்கான ஒப்புதல் எல்லாம் சரி. சுற்றியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று வழிமுறையில் இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அறிவிப்பும் ஒட்டியிருந்தோம். காற்று கொஞ்சம் இருந்தது. ஆனால் அனுமதித்த அளவுக்கு உள்ளேதான்.

ஸ்டெல்லா ரிமோட்டைக் கையில் எடுத்தபோது, பக்கத்துத் தோட்டத்து வரப்பிலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். கையில் ஒரு கட்டு மல்பெரித் தழை. நேராக வந்து ட்ரோனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“பேடா சாமி, பேடா! வேணாங்க! எம் புழு எல்லாம் செத்துப்போவும்!”

அவர் பெயர் கெம்பம்மா. பட்டுப்புழு வளர்ப்பவர். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய மல்பெரித் தோட்டம். பட்டுப்புழுவைப் பற்றி உங்களில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மருந்து பட்ட தழையைத் துளி தின்றாலும் அது செத்துவிடும். தக்காளியைத் தின்கிற புழுவைக் கொல்லும் மருந்துக்கு, இது நல்ல புழு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

முனிரத்தினம் பொறுமை இழந்தார். “ஏம்மா, பஞ்சாயத்துல ஒட்டி இருந்துச்சே, பாக்கலியா? எங்க தோட்டம் எரிஞ்சுக்கிட்டு கெடக்குது. இன்னும் ரெண்டு நாள் வுட்டா வெறுங்குச்சிதான் மிஞ்சும்.”

“நான் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதுக்குப் போறேன்? புழு நாலாவது ஜொரம் தாண்டி இருக்குது. வேளைக்கு வேளை தழை வெட்டிப் போடணும். வூட்ட வுட்டு நகர முடியல. நீ வரப்பு மேல நின்னு ஒரு கொரல் குடுத்திருந்தா ஆவாதா?”

தோலுரிப்பதைத்தான் அங்கே ஜொரம் என்பார்கள். நாலாவது ஜொரம் தாண்டிவிட்டால் புழு கூடு கட்டப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் அசுரப் பசி பசிக்கும். அன்று அவர் தழையை வெட்டினால் விஷம், வெட்டாவிட்டால் பட்டினி.

இரண்டு பேருமே நியாயத்தைத்தான் பேசினார்கள். அதுதான் கஷ்டம். கெட்டவர் ஒருவர் இருந்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம்.

கூட்டத்தில் யாரோ, “அந்தம்மாவ அந்தப் பக்கம் கூட்டிப் போங்கப்பா,” என்றார்கள். கார்த்திகேயன் ஸ்டெல்லாவின் அருகில் போய் மெதுவாகச் சொன்னார். “மேப் பச்சையில இருக்கு. காத்து லிமிட்டுக்குள்ள இருக்கு. வரப்புல இருந்து விட வேண்டிய தூரத்த விட்டுத்தான் அடிக்கப் போறோம். நாம ஒரு தப்பும் பண்ணல ஸ்டெல்லா. கெளப்புங்க.”

ஸ்டெல்லா காற்று அடித்த திசையைப் பார்த்தார். சாமியானாவின் ஓரத் துணி கெம்பம்மாவின் தோட்டத்துப் பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

“காத்து அங்கதான் போவுதுங்க. நான் ஓட்டலீங்க,” என்று சொல்லி ரிமோட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டார்.

கார்த்திகேயன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது.

“சார், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு. நீங்க ஓட்டுங்க.”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா சொன்னது சரி என்று அந்த நொடியில் எனக்குத் தெரியாது. காற்று அளவுக்குள்தான் இருந்தது. கெம்பம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்றும் நினைத்தேன். ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகாமல்கூடப் போயிருக்கலாம்.

ஆனால் எனக்குப் பெங்களூர்க் கூடத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மெக்கானிக், இந்த விமானத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மேலதிகாரி அவரோடு வாதாடவில்லை. அடுத்த ஷிப்டில் வந்த வேறொருவரிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். விமானம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எங்கள் கூடத்துக்குத்தான். அதன் பிறகு அங்கே யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்? எப்படியும் இன்னொருவர் போட்டுவிடுவார். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு வேண்டும் என்பவரைத் தேடிப் போகும் இடத்தில், எத்தனை விதிகள் இருந்தாலும் அவை காகிதம்தான்.

நான் ட்ரோனிடம் போனேன். பேட்டரியைக் கழற்றினேன். பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

“பைலட் முடியாதுன்னு சொல்லிட்டாங்க கார்த்தி. இன்னிக்கு மருந்து அடிக்கல.”

கூட்டத்தில் சலசலப்பு. முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இதுக்குத்தான் காலையில இருந்து ஊர கூட்டி உக்கார வெச்சீங்களா? கையாலயே அடிச்சிருந்தா இந்நேரம் பாதித் தோட்டம் முடிஞ்சிருக்கும்,” என்றார். சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். அலுவலர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார்த்திகேயன் சாமியானாவின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். எங்கள் நிறுவனம் அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது ஸ்டெல்லா பேசினார். எல்லாரையும் பார்த்து.

“போவாதீங்க. ஒரு நிமிசம் இருங்க. மருந்து அங்க போவுமா, போவாதான்னு எனக்கும் தெரியலீங்க. உங்களுக்கும் தெரியல. பாத்துடலாமே.”

சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியின் வெள்ளை உறையைக் கழற்றினார். பிறகு அடுத்த நாற்காலி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்து, “கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?” என்றார். அவர் ஒன்றும் புரியாமல் எழுந்தார். அந்த உறையும் போயிற்று. பெட்டிக்கடையிலிருந்து, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை வாங்கி வரச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மருந்தே ஊற்றாத புது டேங்க் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி நீலத்தைக் கலந்தோம்.

முனிரத்தினம் ஓடிவந்தார். “ஏங்க, எந் தக்காளி நீலமாப் போயிட்டா எவன் வாங்குவான்?”

அந்தக் காலையில் முதல்முறையாகக் கூட்டம் சிரித்தது. காய் பிடிக்காத ஓர வரிசைகளின் மேல் மட்டும் பறக்கிறோம், ஒரு மழைக்குப் போய்விடும் என்று சொன்ன பிறகே அவர் சம்மதித்தார்.

உறைகளை எடுத்துக்கொண்டு கெம்பம்மாவின் தோட்டத்துக்குள் ஸ்டெல்லா போனார். வரப்பை ஒட்டி ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, இன்னும் உள்ளே ஒன்று என்று செடிகளின் மேல் விரித்துக்கொண்டே போனார். கெம்பம்மாவும் கூடவே நடந்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தழைக் கட்டிலிருந்து நாரை உருவி முடிச்சுப் போட்டார். தூரத்திலிருந்து பார்க்க மல்பெரித் தோட்டத்தில் யாரோ கூட்டம் போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பேட்டரியை நானே திரும்ப மாட்டினேன். ட்ரோன் எழுந்தது. மருந்து அடிப்பதற்குத் திட்டமிட்ட அதே உயரம், அதே வேகம், வரப்பிலிருந்து அதே தூரம். ஓர வரிசைகளின் மேல் போய்த் திரும்பி வந்து இறங்கியது. கீழே தக்காளி இலைகள் மேல் நீலம் அழகாக, சீராகப் படிந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார்.

பிறகு எல்லாரும் மல்பெரித் தோட்டத்துக்குள் போனோம்.

வரப்பை ஒட்டியிருந்த உறையில் நீலப் புள்ளிகள் தெறித்துக் கிடந்தன. அதை எதிர்பார்த்தோம். அடுத்ததிலும் இருந்தன. அதற்கு அடுத்ததிலும். இன்னும் உள்ளே போனோம். கடைசிக்கு முந்தைய உறையை அலுவலர் அம்மா குனிந்து கையில் எடுத்து வெயிலில் பிடித்தார். ஊசி முனை போல நாலைந்து புள்ளிகள்.

“இவ்வளவு தூரமா?” என்றார் அவர். யாரிடமும் கேட்ட மாதிரி இல்லை.

கார்த்திகேயன் அந்த உறையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை மடித்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். முனிரத்தினம் கெம்பம்மாவின் பக்கம் திரும்பினார்.

“கெம்பக்கா, நான் கையால அடிச்சிருந்தாலும் கொஞ்சம் வந்திருக்குமில்ல?”

“வந்திருக்கும். போன வெயில்ல ஒரு தட்டுப் புழு செத்துச்சே, எதனாலன்னு இப்பத்தான் தெரியுது,” என்றார் கெம்பம்மா. குரலில் சண்டை இல்லை. களைப்புதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. வரப்பில் நின்றபடியே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. விடிந்ததும் காற்று அடங்கியிருக்கும், அடித்தாலும் கெம்பம்மாவின் பக்கமிருந்துதான் வரும் என்றார்கள் உள்ளூர்க்காரர்கள். அந்த நேரத்தில் தோட்டத்தின் மறுபாதியில் மட்டும் மருந்து அடிப்பது. வரப்பை ஒட்டிய தக்காளியை, கெம்பம்மாவின் புழுக்கள் கூடு கட்ட ஏறும்வரை தொடாமல் விடுவது. அதற்குப் பதிலாக வரப்போரத் தழையை இந்த முறை வெட்டாமல் கெம்பம்மா விட்டுவிடுவது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் நஷ்டம்; இரண்டு பேருக்கும் மொத்தமும் போகாது.

மறுநாள் காலை ஸ்டெல்லா அதைச் செய்து முடித்தார். கெம்பம்மா வரப்பில் நின்று, தன் முந்தானை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முனிரத்தினத்தின் வரப்போரச் செடிகள் கருகித்தான் போயின. மிச்சத் தோட்டம் பிழைத்தது.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உடனே கிடைக்கவில்லை. கூட்டமைப்பினர் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். கார்த்திகேயன் சில நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் அலுவலகத்தில், “நீங்க பேட்டரிய கழட்டினது சரிதான் சார். ஆனா அந்த நேரத்துல உங்கள எனக்குப் புடிக்கவே இல்ல,” என்றார். “எனக்கும் என்னைப் பிடிக்கல,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு கூட்டமைப்பு எங்களைத் திரும்பக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தபோதுதான் அதற்கான காரணம் தெரிந்தது. அந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்குத் தக்காளியும் இருந்தது, மல்பெரியும் இருந்தது. ட்ரோன் வந்தால் பட்டு போய்விடும் என்று வீட்டுக்கு வீடு பயம் இருந்திருக்கிறது. வெளியே சொல்லத்தான் யாரும் முன்வரவில்லை. அந்த நாற்காலி உறைகள் பல வீடுகளுக்குக் கைமாறிப் போயிருக்கின்றன. சாமியானாக்காரர் உறைகளைக் கேட்டு எங்களிடம் சண்டைக்கு வந்ததும் அதனால்தான். “பறக்க மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச கம்பெனின்னா பயமில்லாம கூப்பிடலாம்,” என்றார் கூட்டமைப்பின் தலைவர்.

இன்று நீங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், ட்ரோனை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் சுற்றியிருக்கும் வரப்புகளில் ஒரு சுற்று நடக்க வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரில் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது வந்தது அந்தக் காலையிலிருந்துதான். அலுவலர் அம்மா தன் பயிற்சி வகுப்புகளில் நீலத் தண்ணீர் சோதனையைச் செய்து காட்ட ஆரம்பித்தார். இந்தத் தொழிலுக்கு விதிகள் டெல்லியிலிருந்து வருகின்றன, வரத்தான் வேண்டும். இன்னும் நிறைய வரும். சில உங்களுக்கு எரிச்சல் தரும், சில பிறகு மாறும். ஆனால் தொழில் புதியது, அதனால் எல்லாவற்றையும் யாராலும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. எழுதாமல் விட்ட இடத்தில் ரிமோட்டோடு நிற்கப் போகிறவர்கள் நீங்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் வேலை பார்த்த விமானக் கூடத்தில் எல்லாமே எனக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. உங்களுக்கு எழுதும் வாய்ப்பும் கிடைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டால்தான் முடியும்.

அடுத்த பருவத்தில் கெம்பம்மா எங்களுக்குப் போன் செய்தார். மல்பெரிக்குத் தெளிக்கும் சத்து மருந்தை ட்ரோனில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். நானும் ஸ்டெல்லாவும் போனோம். முனிரத்தினத்திடம் தான் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகக் கெம்பம்மா சொன்னார். ஆனாலும் ஸ்டெல்லா வரப்பைச் சுற்றி நடந்தார். முனிரத்தினத்தைப் பார்த்துப் பேசினார். எல்லாம் சரி. திரும்பி வந்து வானத்தைப் பார்த்தார். காற்று விட்டு விட்டுச் சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தின் மூலையில் மின்கம்பி போகிறது.

“இப்ப முடியாதுங்கம்மா. கொஞ்சம் அடங்கட்டும்.”

கெம்பம்மாவுக்கு வந்ததே கோபம்! “என்னாம்மா நீ! இது வெசமா? சத்துத் தண்ணிதானே! அன்னிக்கு அவனுக்கு முடியாதுன்ன, சரி. எனக்குமா?”

“எல்லாருக்குந்தாங்க,” என்றார் ஸ்டெல்லா.

கெம்பம்மா முறைத்தார். என்னைப் பார்த்தார். நான் மின்கம்பியைப் பார்த்தேன். பிறகு அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் இரண்டு தம்ளரில் காபி கொண்டு வந்து வைத்தார். புழு வளர்ப்பு மனையின் நிழலில் உட்கார்ந்து மூவரும் காத்திருந்தோம். அவர் தன் மகள் கல்லூரியில் சேர்ந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளையும் இந்த ட்ரோன் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டார். ஸ்டெல்லா பதில் சொல்லிக்கொண்டே மல்பெரித் தழைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தழைகள் அசைவதை நிறுத்தின.

“வாங்க,” என்று ஸ்டெல்லா எழுந்தார்.